அவ்ரிக்காவின் உயரம்

சங்கு ஊதியும் தறிகள் நிற்கவில்லை. இளம் பெண்களை மட்டும் நூல் கிடங்குக்கு வரச் சொன்னார்கள். அவ்ரிக்காவுக்கு முப்பது தாண்டிவிட்டது. ஆனாலும் மேஸ்திரி அவளையும் கூப்பிட்டான்.

"உனக்கென்னடி அங்க வேலை? மறுபடியும் துடுப்பு போடப் போறியா?" என்றாள் பக்கத்துத் தறி சாம்ஃபிரா.

அவ்ரிக்கா சிரிக்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த தோல் பட்டையை இறுக்கிக்கொண்டு மெல்ல நடந்தாள்.

கிடங்கில் பயிற்சியாளர் திராகோமிர் நின்றிருந்தார். பதினேழு வயதில் இதே ஆலையிலிருந்து அவளை ஏரிக்கரைப் படகுப் பயிற்சி முகாமுக்கு அழைத்துப் போனவர். ருமேனியாவுக்காக இரண்டு முறை உலகப் படகுப் போட்டியில் தங்கம் வாங்கினாள். மூன்றாவது போட்டிக்கு முந்தைய வாரம் முதுகெலும்பில் டிஸ்க் விலகியது. படகைத் தொடவே கூடாது என்றார் டாக்டர். ஊசி போடச் சொன்னார் திராகோமிர். மரத்துப்போன முதுகோடு துடுப்பு வலித்து, ஜெயித்தாள். படகிலிருந்து அவளை ஆட்கள் தூக்கித்தான் கரையில் வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து முகாமுக்குத் திரும்பியபோது அவள் கட்டிலில் வேறொருத்தி படுத்திருந்தாள். அவ்ரிக்காவை ஆலைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"வாம்மா. நல்லாத்தான இருக்க?"

"குனிஞ்சு செருப்பு மாட்ட முடியல, தோழர்."

"வயசாவுதில்ல" என்றார் அவர், பெண்களைப் பார்த்தபடியே. "அந்த மூட்டைங்களுக்குப் பின்னால செவுத்த ஒட்டிப் போய் நில்லு. பொண்ணுங்களா, ஒவ்வொருத்தியா இவ பக்கத்துல வந்து நில்லுங்க. இவளவிட ஒசரமா இருக்கறவ மட்டும் எனக்குப் போதும். இவ யாருன்னு தெரியுமில்ல? நாட்டுக்கே பெருமை."

அவர் கையை முறித்துப் போடலாம் போலிருந்தது. அதற்கு அவள் தோளில் இன்னும் பலம் இருந்தது.

முதலில் வந்த இருவரும் குட்டை. அடுத்து வந்த ஒட்டீலியா நெடுநெடுவென்று இருந்தாள். பக்கத்தில் நின்றதும் கிசுகிசுத்தாள்: "அக்கா, அங்க தெனம் கறி போடுவாங்களாமே? வெண்ணெய்கூட உண்டாமே?"

"போடுவாங்க. வலிக்குதுன்னு சொன்னா ஊசியும் போடுவாங்க. போகாத."

"எங்க வீட்ல குளிர்காலம் பூரா உருளைக்கிழங்குதான். உங்களுக்கென்ன, எல்லாத்தையும் பாத்துட்டு வந்துட்டீங்க."

திராகோமிர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நெருங்கினார். மூட்டைகளின் மறைவில் அவ்ரிக்கா குதிகால்களை உயர்த்தினாள். இடுப்பில் பிடித்த வலி தொடை வழியே நெருப்பாக இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இருவர் தலைக்கும் மேலே உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார் அவர். "ரெண்டு விரல் கம்மி. அடுத்தவ வா."

"தோழர், இன்னொரு தடவ பாருங்க. நான் ஒசரம்தான்."

"அடுத்தவ வா."

ஒட்டீலியா முகத்தைப் பொத்திக்கொண்டு தறிக்கு ஓடினாள். அவ்ரிக்கா குதிகால்களை இறக்கவில்லை. வரிசை கிடங்குக் கதவைத் தாண்டி வெளியே நீண்டிருந்தது.