போணிச் சிப்பி

ஒரு முத்துச்சிப்பி ஒன்பது வருஷம் வளராமல் இருந்தது. பிறகு ஒரே நாளில் மூன்று மில்லிமீட்டர் வளர்ந்தது. மூன்று வருஷம் கழித்து, வளர்ந்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழைய அளவுக்கே வந்து சேர்ந்தது. பிழை என்று சரிபார்ப்பு புரோகிராம் திரை முழுக்கச் சிவப்பாக்கிப் போட்டிருந்த அந்த வரிகளைச் சுடலைச்செல்வி மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை திட்டத்தை ஆய்வுசெய்யும் குழு வருகிறது.

தூத்துக்குடிக் கரையோரத்தில் கடலடி உயிர்களை எண்ணிக் குறித்துவைக்க ஐந்து நிலையங்கள் உண்டு. ஐந்தும் ஐந்து ராஜ்யம். ஒருவர் ஆழத்தை மீட்டரில் எழுதுவார், ஒருவர் ஆறடிக்கு ஒரு பாகம் என்ற மீனவர் கணக்கில் எழுதுவார், இன்னொருவர் எழுதுவதே அவருக்குத்தான் புரியும். இந்த நோட்டுகளையெல்லாம் ஒரே தரவுத்தளத்தில் சேர்த்து, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி செய்வதுதான் செல்வியின் வேலை. மூன்று வருஷமாகக் கரையான் தின்ற பக்கங்களோடு மல்லுக்கட்டி ஒப்பேற்றியிருந்தாள்.

குழுவின் நிபந்தனை ஒன்றே ஒன்று. இருபது வருஷம் விட்டுப்போகாத, நம்பத்தக்க பதிவு ஒரு நிலையத்திலாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மார்ச்சோடு திட்டத்துக்கு மூடுவிழா. செல்வியும் சொந்த ஊரான ஆழ்வார்திருநகரிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். மற்ற நான்கு நிலையங்களும் ஆடிக்கு ஒன்று அமாவாசைக்கு ஒன்று என்று எண்ணியவை. கீழவைப்பார் மட்டும்தான் இருபத்தொரு வருஷம் பிசகாத பதிவு. அங்கே முங்கி எண்ணுகிறவர் செந்தூர்வேல். சாயர்புரத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த குடும்பம். அந்தச் சிவப்பு வரிகள் அவ்வளவும் அவர் கையெழுத்திலிருந்து வந்தவை.

ஒவ்வொரு முறை கடலில் இறங்கும்போதும் முதல் சட்டத்தில், அதாவது பாறைமேல் வைத்து எண்ணும் ஒரு மீட்டர் சதுரக் கம்பிச் சட்டத்தில், முதலாவது சிப்பியின் நீளம் அறுபத்திரண்டு மில்லிமீட்டர். இருபத்தொரு வருஷமும் அதே. நடுவில் மூன்று வருஷம் மட்டும் அறுபத்தைந்து. நோட்டில் இருந்தவரை யார் கண்ணிலும் படவில்லை. விஞ்ஞானிகளுக்கு வேண்டியது சராசரி. அதை எடுத்துக்கொண்டு நோட்டை அலமாரியில் போட்டுவிடுவார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வரிசையாக நிறுத்தியதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது. கிணறு வெட்டியதும் அவள்தான், பூதத்தைக் கண்டதும் அவள்தான்.

திட்டத் தலைவர் கிருபாநிதி நல்ல மனுஷன், தைரியம்தான் கொஞ்சம் கம்மி.

"செல்வி, அந்தச் சரிபார்ப்பு புரோகிராம ரெண்டு நாளைக்கு ஆஃப் பண்ணி வச்சிரு. சிவப்பு தெரியாதுல்லா?"

"சார், முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கச் சொல்லுதீக."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் மறைச்சாப் போதும்மா."

அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஒரே ஒரு பொத்தான்தான். ஆனால் யாரும் எடுத்துப் பார்க்கலாம் என்று சொல்லித்தானே இதைக் கட்டினாள்? மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கீழவைப்பாருக்குப் போய் இறங்கினாள்.

செந்தூர்வேல் கரையில் படகோரமாக நின்று நீச்சல் துடுப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டதும் மறைக்கவே இல்லை. இடுப்புப் பையைத் திறந்து ஒரு சிப்பியை எடுத்து நீட்டினார். உள்ளே சதை இல்லாத வெறும் ஓடு. இரண்டு பாதியையும் எம்-சீல் வைத்து ஒட்டியிருந்தது.

"இது போணிச் சிப்பி. கூடவே கொண்டுபோயி மொதச் சட்டத்துல வச்சு, ஒண்ணுன்னு எண்ணி, மேல கொண்டாந்து அளந்து எழுதிட்டுத்தான் மத்த சோலி."

"எதுக்கு அண்ணாச்சி?"

"ஏளா, போணி ஆகாம எப்படித் தொடங்க? மொத வரியிலயே சைபர் போட்டா அன்னைக்குப் பூரா கடல் நம்மள வெறுங்கையோடல்லா அனுப்பும்?"

"இது கடையில்ல அண்ணாச்சி, ஆராய்ச்சி!"

"ஆராய்ச்சின்னா மொத வரவு வேண்டாமா?"

செல்விக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "உங்க போணியால என் சோலி போவுது. இருவத்தொரு வருஷமா இல்லாத சிப்பிய எழுதியிருக்கீக."

அவர் முகம் சுண்டிவிட்டது. சிப்பியைச் சட்டையில் துடைக்கத் தொடங்கினார். அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டாள். "சரி, நடுவுல மூணு வருஷம் அறுவத்தஞ்சுன்னு எழுதியிருக்கீகளே, அது ஏன்?"

"செத்த ஓடு எங்கன வளரும்? எனக்கும் அறுவத்திரண்டுன்னு தெரியும். ஆனா அளவுக்கருவி அறுவத்தஞ்சு காட்டிச்சு. காட்டினத எழுதினேன். நோட்டுல பொய் எழுதப்படாதுல்லா?"

செல்வி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மனுஷன் சத்தியமாகத்தான் சொன்னார்.

"கருவிக்கு என்ன ஆச்சு?"

"படகுலருந்து பாறையில விழுந்துச்சு. எழுதிக் கேட்டேன். புதுசு தர மூணு வருஷம் ஆக்கிட்டாக."

சொல்லவந்த வசவைச் செல்வி மறந்தாள். சிப்பி வளரவில்லை, கருவிதான் கோணியிருக்கிறது! அப்படியானால் அந்த மூன்று வருஷமும் கீழவைப்பாரில் அளந்த ஒவ்வொரு சிப்பியும் மூன்று மில்லிமீட்டர் கூடுதல். வேம்பார் நிலையத்தை ஆளும் மகாராஜா, "அவுக சிப்பி மட்டும் எப்படிப் பெருத்துச்சு?" என்று பத்து வருஷமாகக் கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை பிடிப்பது இதற்காகத்தான். எத்தனை கழிக்க வேண்டும் என்று சொல்ல உலகத்திலேயே ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. அது செந்தூர்வேலின் உள்ளங்கையில் இருந்தது.

"அண்ணாச்சி, ஒருநாளாச்சும் இத வைக்காம இறங்கியிருக்கீகளா?"

"போணியில தவறுவனா? நல்லாக் கேட்டியே."

வெள்ளிக்கிழமை செல்வி எதையும் மறைக்கவில்லை. சிவப்பு வரிகளை முதலிலேயே காட்டி, ஓட்டை மேசைமேல் வைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னாள். கிருபாநிதி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். குழுத் தலைவி ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாள் ஒன்றுக்கு ஒரு சிப்பியைக் கழித்துவிட்டால் எண்ணிக்கை சரியாகிவிடும், இல்லையா?"

"ஆமாம் மேடம்."

"மற்ற நான்கு நிலையங்களிலும் இத்தனை வருஷம் கருவி சரியாக இருந்ததற்கு என்ன சாட்சி?"

"ஒரு சாட்சியும் இல்லை மேடம்" என்றாள் செல்வி.

"அப்படியானால் நான் நம்பக்கூடியது இந்த ஒரு நிலையத்தைத்தான்" என்றார் தலைவி. செல்வி அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

திட்டம் ஐந்து வருஷம் நீண்டது. இனி ஐந்து நிலையங்களிலும் ஒட்டிய ஓடு ஒன்றை முதலில் அளந்து, எண்ணிக்கையில் சேர்க்காமல் தனிக் கட்டத்தில் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. கிருபாநிதி அந்தக் கட்டத்துக்கு இரண்டு வரி நீளத்துக்கு ஆங்கிலப் பெயர் யோசித்தார். கட்டத்தில் இடம் கொள்ளவில்லை. செல்வி 'போணி' என்று போட்டுவிட்டாள்.

ஏப்ரலில் ஒரு காலை தரவுத்தளத்துக்குத் திறப்பு விழா. பெரியவர்கள் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். பொத்தானை அமுக்கினால் முதல் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அமுக்கப்போன செல்வி பக்கத்தின் உச்சியைப் பார்த்தாள். 'இன்றைய பதிவுகள்: 0' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கிருபாநிதி கண்ணாலேயே அவசரப்படுத்தினார். அவள் ஓரமாகப் போய் போனை எடுத்தாள்.

"அண்ணாச்சி, இறங்கியாச்சா?"

"இப்பத்தான் படகுல ஏறுதேன். என்ன விஷயம்?"

"ஓட்ட அளந்து உடனே போன்ல ஏத்துங்க. இங்கன சைபர்ல நிக்கி. இத எப்படித் திறக்க?"

கீழவைப்பார்க் கடலின் இரைச்சலுக்கு நடுவே அவர் சிரிப்பது கேட்டது.

"ஏளா, இது கடையில்ல, ஆராய்ச்சின்னு சொன்னியே?"

"அத அப்புறம் பேசிக்கிடலாம். மொதல்ல போணி பண்ணுங்க!"

ஒரு நிமிஷம் ஆனது. திரையில் சைபர் போய் ஒன்று வந்தது. கீழவைப்பார், அறுபத்திரண்டு மில்லிமீட்டர். செல்வி பொத்தானை அமுக்கினாள்.