நாய் கடிக்கவில்லை

கோமகள் கடித்துவிட்டாள். அதுவும் பத்து மாதமாக இரை போட்டு வந்த கையையே கடித்துவிட்டாள்.

அழகுத்தாய் கையை உதறினாளே தவிர கத்தவில்லை. கத்தினால் அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வருவாள். அம்மா வந்தால் பின்னாலேயே தெருவும் வரும். இடுக்கியில் பிடித்திருந்த கரப்பான் கீழே விழுந்து பீரோவுக்கு அடியில் ஓடி மறைந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் பெரிய சிலந்தி முன்னங்கால்கள் நான்கையும் தலைக்கு மேல் தூக்கி, அடிப்பக்கத்து மஞ்சள் தெரிய நின்றுகொண்டிருந்தது. ஒரு நாளும் அது அப்படி நின்றதில்லை.

உள்ளங்கையை விரித்தால் எவ்வளவோ அவ்வளவு பெரியது. சாம்பலும் கறுப்புமாக, யாரோ நிதானமாக உட்கார்ந்து கோலம் போட்டதுபோல் ஒரு முதுகு. ஐயனார் கோயில் ஆற்றோரத்து மாந்தோப்பில் பட்டுப்போன கொப்புகளை வெட்டி விறகாகக் கொண்டுவந்தபோது, ஒரு பொந்துக் கட்டைக்குள் அதுவும் சேர்ந்து ராஜபாளையத்துக்கு வந்தது. விறகுக்கடைக்காரன் மண்ணெண்ணெயைத் தேடி ஓடினான். மில்லில் ஷிப்டு முடித்து அந்த வழியே வந்த அழகுத்தாய் பொந்தின் வாயைச் சாப்பாட்டுத் தூக்கின் மூடியால் அடைத்து, கட்டையோடு வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டாள். பழைய டீக்கடையொன்றில் பன் வைக்கிற கண்ணாடிப் பெட்டி கிடைத்தது. கட்டையோடு அதில் குடிவைத்தாள். அவள் நூலகத்தில் எடுத்து வாசிக்கிற மொழிபெயர்ப்பு நாவல்களில் வெல்வெட் உடுத்தி, பனி ரோட்டில் சறுக்குவண்டியில் போகிற பெண்களைக் கோமகள் என்பார்கள். அந்தப் பெயரையே வைத்தாள். அம்மா ஆவுடையம்மாளுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. கோமதி என்று கூப்பிட்டாள். சங்கரன்கோவில் கோமதியம்மன்தானே பூச்சி பொட்டுக்கெல்லாம் காவல், பெயர் பொருத்தம்தான் என்று சமாதானமும் ஆகிவிட்டாள்.

சமாதானம் ஆகாதவர் அப்பா பால்சாமிதான்.

பால்சாமி ஒரு மில் முதலாளி வீட்டு பங்களாவில் வேட்டைநாய்களைப் பார்த்துக்கொள்கிறவர். வெள்ளை நாய்கள், ரோஸ் மூக்கு, ஆளை அளந்து பார்க்கிற கண். முதலாளி வீட்டுப் பேச்சு தெலுங்கு; அந்த நாய்களுக்கும் தெலுங்குதான் தெரியும் என்பதால் அவரும் அவற்றோடு மட்டும் தெலுங்கு பேசுவார். ஆடோ மாடோ மருமகனோ, எந்தச் சீவனையும் அவர் நாயை வைத்துத்தான் அளப்பார். அவர் வீடு திரும்பும்போது மகளுடைய ஆள்காட்டி விரல் கோவைப்பழமாகச் சிவந்து வீங்கியிருந்தது. அம்மா சங்கரன்கோவில் புற்றுமண்ணைக் குழைத்து அதன்மேல் அப்பியிருந்தாள்.

"எதுட்டி கடிச்சது?"

"சிலந்தி."

"வளத்த கையையா?"

"ஆமா."

பால்சாமி பெட்டி முன்னால் குந்தினார். சிலந்தி பொந்துக்குள் போய் வாசலில் நூலால் திரை கட்டியிருந்தது.

"இரை எடுக்குதா?"

அழகுத்தாய் தயங்கினாள். "கொஞ்ச நாளா எடுக்கல."

"இருட்டைத் தேடுதா?"

"பாக்கத்தானே செய்திய."

அவர் எழுந்தார். முகத்தில் கோபம் இருந்தால் அழகுத்தாய்க்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அது இல்லை. "வெறி," என்றார். "திங்காது, இருட்டுல போயிப் படுக்கும், வளத்தவனையே கவ்வும். இதுக்கு மேல என்ன அத்தாச்சி வேணும்?"

"அப்பா, அது நாய் இல்ல."

"வெறிக்கு நாயும் பேயும் ஒண்ணுதாம்ட்டி."

சிரிக்கலாம்போல இருந்தது. ஆனால் அந்த வீட்டில் யாரும் வெறி என்ற சொல்லுக்குச் சிரிக்க மாட்டார்கள். பால்சாமியின் தம்பி சந்தனம் பதினெட்டு வயதில் வெறிநாய் கடித்துச் செத்தவன். சின்னக் காயம்தானே என்று மஞ்சளை அப்பிவிட்டுவிட்டார்கள். கடைசியில் ஒரு செம்புத் தண்ணீரைக் கண்டு அவன் உடம்பு வில்லாக வளைந்ததை அறைக்குள் நின்று பார்த்தவர் பால்சாமி ஒருவர்தான். அதன்பிறகு நாய்க்கடி விஷயத்தில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு, பங்களா முழுக்க அதற்குக் கட்டுப்படும். கடித்த நாயைக் கொல்லக்கூடாது. கட்டிப்போட்டுப் பார்க்க வேண்டும். அது நன்றாக இருந்தால் கடிபட்டவனுக்குப் பயமில்லை. அது செத்தால் அன்றைக்கே ஊசி. தொப்புளைச் சுற்றிப் போடுகிற ஊசி, ஒன்று இரண்டல்ல, பதினாலு.

"இதையும் வச்சுப் பாப்போம்," என்று பெட்டி மூடிமேல் ஒரு செங்கல்லைத் தூக்கி வைத்தார். "செத்துச்சுன்னா ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறுதோம். நாய் கடிச்சதுன்னு சொல்லு. சிலந்தின்னா ஊசி போட மாட்டாவ, சிரிப்பாவ."

"எந்த நாய்?"

"ஏதோ தெரு நாய்."

"இல்லாத நாயை நான் எதுக்கு இழுக்கணும்? நான் வரல."

"அப்போ என்னைய மறுபடியும் அந்த ரூமுக்குள்ள நிக்கச் சொல்லுதியா?"

அந்தக் கேள்வி சுட்டதனாலேயே அவளுக்குப் பிடிவாதம் கூடியது.

மறுநாளிலிருந்து அந்தச் சிலந்திக்கு இரண்டு காவல். அப்பா அது சாகிறதா என்று பார்த்தார். மகள் அதற்கு என்ன ஆகிறது என்று பார்த்தாள். இரண்டும் ஒன்றல்ல. ஒரு கரப்பானைக் காலொடித்து உள்ளே விட்டாள். அது சிலந்தியின் முதுகிலேயே ஏறி இறங்கிப் போயிற்று, சிலந்தி அசையவில்லை. மினுங்கிக்கொண்டிருந்த கோலம் வெயிலில் கிடந்த துணியாக வெளுத்துப்போனது. ஆனால் தேங்காய்ச் சிரட்டையில் வைத்திருந்த தண்ணீருக்கு மட்டும் அது இறங்கி வந்தது. வாயைத் தண்ணீரில் வைத்து நெடுநேரம் படுத்துக் கிடந்தது.

"அப்பா, ஓடி வாங்க! தண்ணி குடிக்குது! வெறி புடிச்சது தண்ணியைத் தொடுமா?"

பால்சாமி பார்த்தார். அவர் முகம் ஒரு கணம் இளகியது. "சந்தனமும் மொதல்ல நல்லாத்தான் தண்ணி குடிச்சான்," என்றார்.

செய்தி எப்படியோ வெளியே போய்விட்டது. எதிர்வீட்டு ஐயாதுரை சைக்கிளை மிதித்தபடியே குரல் கொடுத்தார்: "ஏ பால்சாமி, உம்ம பூச்சி குலைக்க ஆரம்பிச்சிருச்சாவே? கழுத்துல சங்கிலி போட்டு வாசல்ல கட்டும், திருட்டுப் பய வர மாட்டான்!"

"கட்டுதேன் மாமா," என்றாள் அழகுத்தாய் ஜன்னல் வழியாக. "மொதல்ல உங்களைக் கடிக்கவிட்டுப் பழக்குதேன்."

சைக்கிள் கொஞ்சம் வேகமாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிலந்தி பொந்துக்கு வெளியே, நூலால் தானே விரித்த பாயின்மேல் மல்லாந்து கிடந்தது.

முதலில் பார்த்தவர் பால்சாமி. அவர் கூப்பாடு போடவில்லை. கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துவிட்டு வெள்ளை வேட்டியை எடுத்துக் கட்டினார். மனைவியிடம், "மண்ணெண்ணெ டின்னை எடு. இதைக் கொல்லையில போட்டு எரிச்சிட்டு பஸ்ஸுக்குப் போறோம்," என்றார். வெறியில் செத்ததை எரிக்கவேண்டும். அதுவும் அவர் சட்டம்.

அழகுத்தாய் பெட்டியின் முன்னால் போய் நின்றாள்.

"நகருட்டி."

"சாகல."

"மல்லாந்து கெடக்கு, கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு?"

"செத்த சிலந்தியை நீங்க பாத்திருக்கியளா? எங்க மில்லுல மூலைக்கு மூலை செத்துக் கெடக்கும். காலெல்லாம் உள்ள சுருண்டு, மூடுன கையாட்டம் இருக்கும். இது காலை விரிச்சுப் போட்டுக் கெடக்கு. நாயைப் பாத்து இதைச் சொல்லாதீங்க. இதைப் பாத்து இதைச் சொல்லுங்க."

"நாக்குத் தள்ளிச் சாகுறதுக்கு முந்தி எல்லாஞ் சீவனும் காலை விரிக்கும். நகரு."

அவர் அவள் கையைப் பிடித்தார். அந்த நேரம் பார்த்துக் கடிபட்ட கையின் விரல்கள் தாமாக மடங்கி, சுள்ளென்று முழங்கைவரை இழுத்தது. இரண்டு நாளாகவே அப்படி அவ்வப்போது இழுத்துக்கொண்டிருந்தது. அவள்தான் மறைத்து வைத்திருந்தாள். பால்சாமியின் பிடி விட்டுப்போயிற்று.

"இழுப்பு வந்துருச்சே... ஆவுடை, இழுப்பு வந்துருச்சே..."

அழகுத்தாய் இடது கையால் பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டாள். அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஒரு சொட்டு சிந்தாமல், அண்ணாந்து முழுதும் குடித்தாள். செம்பைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"வலிக்குது, அது நெசம். விஷம் இருக்கு, அதுவும் நெசம். ஆனா இது வெறி இல்ல. என்னன்னு எனக்குத் தெரியாது. தெரியாததுக்கு நாய்ப் பேரை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். எரிக்கணும்னா என்னையும் சேத்து எரிங்க."

சொல்லிவிட்டுப் பெட்டியில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பால்சாமி மனைவி பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். ஆவுடையம்மாள் மண்ணெண்ணெய் டின்னைக் கொடுக்கவில்லை. முந்தானையோடு சேர்த்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"செத்த நேரம் பொறுத்தா பஸ்ஸு என்ன கடலுக்குள்ளயா போயிரும்? அடுத்த பஸ்ஸு வரும். உக்காருங்க."

வேறு வழியில்லாமல் அவர் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டியோடு தரையில் உட்கார்ந்து, செத்ததைப் பார்க்கிற கண்ணால் அதைப் பார்த்தார். வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி உள்ளே வந்தது. அப்போது அவர் கழுத்து முன்னால் நீண்டது.

"ஏட்டி. திரும்பு."

சிலந்தியின் பக்கவாட்டில் ஒரு கோடு விழுந்திருந்தது. தலைப்பக்கத்து ஓடு மூடிபோலத் தூக்கிக்கொண்டது. உள்ளேயிருந்து, பால் நிறத்தில், ஈரமாக, இன்னொரு சிலந்தி தன்னைத் தானே இழுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காலாக, உறையிலிருந்து உருவுவதுபோல. கொஞ்சம் இழுக்கும், ஓயும், மறுபடி இழுக்கும். கடைசிக் கால் வெளியே வந்தபோது ஆவுடையம்மாள் தன்னையறியாமல், "கோமதித் தாயே, பெத்துப் பொழச்சாளே," என்றாள்.

"பெறலம்மா. சட்டையை உரிச்சிருக்கா." அழகுத்தாய் பெட்டிப் பக்கம் குனிந்தாள். "அதான் திங்கல. அதான் யாரையும் அண்டவிடல. உள்ளுக்குள்ள இம்புட்டு வேலை நடக்கையில கரப்பானைக் கொண்டுபோயி மூஞ்சியில நீட்டுனா, யாருதான் கடிக்க மாட்டா?"

பாம்பு சட்டை உரிப்பதைப் பால்சாமியும் பார்த்தவர்தான். அந்த நாட்களில் அதை நெருங்கக் கூடாதென்றும் தெரிந்தவர். தெரிந்ததெல்லாம் பயத்துக்கு முன்னால் எங்கே போயிற்று என்று யோசிப்பவர்போல முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனால் எழுந்தபோது சொன்னது வேறு.

"சரி. ஒன் சிலந்தி பொழச்சுது. ஒன் கை இழுக்குதுல்ல? பொறப்படு ஆஸ்பத்திரிக்கு."

"வாரேன்," என்றாள் அழகுத்தாய். "ஆனா எது கடிச்சதுன்னு நான்தான் சொல்லுவேன். அவ எந்திரிச்சு ஒதுங்கட்டும், அந்தச் சட்டையையும் எடுத்துக்கிட்டுத்தான் வருவேன்."

மாலையில் சிலந்தி நிமிர்ந்து பொந்தருகே ஒதுங்கியபிறகு, அவள் நீள இடுக்கியால் உரித்த தோலை மெல்ல எடுத்தாள். கால், மயிர், கண் இருந்த இடம் எல்லாம் அப்படியே இருந்தது. கடித்த பல்லின் உறைகூடக் கறுத்த முள்ளாக அதிலேயே இருந்தது. பெட்டிக்குள் இருந்தவளுக்கு இப்போது வெள்ளைப் பல். தோலைப் பஞ்சு வைத்த டிபன் பாக்ஸில் கிடத்தி மூடினாள்.

மறுநாள் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரியில் கடிக்கு வந்தவர்களின் வரிசை வராந்தா கடைசிவரை நீண்டிருந்தது. அவர்கள் முறை வந்ததும், கண்ணாடி போட்ட நர்ஸம்மா தலையைத் தூக்காமலே கேட்டார்.

"வீட்டு நாயா, தெரு நாயா?"

பால்சாமியின் வாய் திறந்தது. மகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சும்மா உதறினார்.

"அவளே சொல்லுவா," என்றார்.

"நாய் கடிக்கல," என்றாள் அழகுத்தாய், வராந்தா முழுக்கக் கேட்கும்படி, டிபன் பாக்ஸின் மூடியைத் திறந்து மேசைமேல் வைத்து. பின்னால் வரிசை தடதடவென்று கலைந்தது. நர்ஸம்மாவின் நாற்காலி சுவரில் போய் முட்டியது. அவள் நகரவில்லை. வீங்கிய விரலை நீட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள்.