இடது பக்கச் சக்கரம்

பத்து நாளாக அந்தப் பட்டறைக்குள் யாரும் நேராக நடக்கவில்லை. வாசலிலிருந்து வெட்டும் மேசைக்குப் போகிறவர்கள் நடுவில் ஒரு பெரிய வளைவு போட்டுத்தான் போனார்கள். காரணம், தரையில் ஒட்டியிருந்த சிவப்பு வினைல், பெயர்ப்பலகையில் ஒட்டுகிற பிளாஸ்டிக் தாள். நாலரை மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம். வாங்கப்போகிற ஒட்டு மிஷின் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று பார்ப்பதற்காக, அதன் உருவத்தை அதே அளவில் வெட்டித் தரையில் ஒட்டியிருந்தார்கள். பெயர்ப்பலகை செய்கிறவர்களுக்கு அளவுநாடாவைவிட வினைல்மேல்தான் நம்பிக்கை அதிகம். மிஷினின் ரோலரும் கைச்சக்கரமும்கூட வெள்ளை வினைலில் அதன்மேல் இருந்தன. சிவப்பை மிதித்தவர் அன்றைக்கு எல்லோருக்கும் தேநீர் போடவேண்டும் என்பது சட்டம். சட்டம் போட்டவரே மூன்று முறை மாட்டிக்கொண்டார்.

சட்டம் போட்டவர் முதலாளி. கணினியில் எழுத்துகளை வடிவமைத்து வெட்டுவது அவர் மனைவி. வெட்டி வருகிற வினைலைப் பலகையில் ஒட்டுவது அவளுடைய தம்பி. மொத்தப் பட்டறையும் இந்த மூன்று பேர்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் தம்பி ஒட்டிய பலகை, அம்மை போட்ட முகம் மாதிரி இருந்ததாம். அன்றைக்கே மாமா அவனுக்குக் குமிழி என்று பெயர் வைத்துவிட்டார். பதினெட்டு வருஷம் ஆயிற்று. இப்போது அவன் ஒட்டியதில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் காற்று அடைத்த ஓர் இடம் அகப்படாது. ஆனால் வைத்த பெயர் வைத்த பெயர்தானே.

ஒட்டுவது என்றால் சும்மா இல்லை. வினைலின் அடித்தாளை ஒரு கையால் உரித்துக்கொண்டே, இன்னொரு கையில் பிளாஸ்டிக் பட்டையைப் பிடித்து அழுத்தித் தேய்த்துக் காற்றை ஓரத்துக்குத் தள்ளவேண்டும். ஒரு பெரிய பலகைக்கு ஐந்நூறு, அறுநூறு இழுப்பு. அத்தனையும் மணிக்கட்டில் வந்து நிற்கும். குமிழியின் வலது மணிக்கட்டு மூன்று மாதத்துக்கு முன்னால் வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டது. காலையில் பற்பசை மூடியைக்கூடத் திறக்க முடியவில்லை. அவன் சத்தமில்லாமல் இடது கைக்கு மாறிக்கொண்டான். வீக்கம் தெரியாமல் இருக்க முழுக்கைச் சட்டை போட்டான். மாமாவின் செருப்புச் சத்தம் கேட்டால் பட்டையை வலது கைக்கு மாற்றித் தேய்ப்பதுபோல் பாவனை செய்வான். அவர் நகர்ந்ததும் மறுபடி இடது.

மறைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவனுக்கு முன்பிருந்து ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கு ஒரு நாள் கை நடுங்க ஆரம்பித்தது. மாமா அவரை முன்னறைக்கு மாற்றினார், தொலைபேசி எடுப்பதற்கு. "கை போனா முன்ரூம்" என்பது மாமாவின் கொள்கை. நல்லெண்ணத்தில்தான். அந்த மனிதர் நாற்பது நாள் தொலைபேசியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பத்தோராம் நாள் வரவில்லை. குமிழிக்கு உருப்படியாகத் தெரிந்தது ஒரே வேலை. அதை விட்டுவிட்டு முன்னறையில் உட்கார்ந்து "சொல்லுங்க சார்" என்று ஆரம்பிப்பதை அவன் நினைத்துப் பார்க்கவே விரும்பவில்லை.

அதனால் ஒட்டு மிஷின் பேச்சு எழுந்தபோது கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்ததாகவே அவன் நினைத்தான். தட்டையான கண்ணாடி மேசை. அதன்மேல் ஒரு குறுக்குச் சட்டத்தில் கனமான ரோலர். பலகையைக் கிடத்தி, வினைலை வைத்து, ரோலரை இறக்கி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளினால் தீர்ந்தது. ஆனால் கிடைத்தது இரண்டு மிஷின். பெரியதில் நாலு மீட்டர் பலகையை ஒரே ஓட்டத்தில் ஒட்டலாம். ரோலரை இறக்கக் கைச்சக்கரத்தை அழுத்தித் திருப்பவேண்டும். சின்னது இரண்டரை மீட்டர்தான். காலால் ஒரு மிதி மிதித்தால் காற்றழுத்தத்தில் ரோலர் தானாக இறங்கும்.

மாமாவுக்குப் பெரியதுதான் வேண்டும்.

"நாலு மீட்டர் பலகை வந்தா என்ன பண்றது? வாலை வெட்டவா தலையை வெட்டவான்னு நிக்கறதா?"

"காத்துல ஓடறதுன்னா அழுத்தம் ஒரே சீரா இருக்கும் மாமா."

"கம்ப்ரசர் போடற சத்தத்துல நீ என்னைத் திட்டறது எனக்குக் கேக்காம போயிடுமே, மாப்ள."

"அதுக்காகவும்தான் கேக்கறேன்."

இப்படியே இரண்டு நாள் இழுத்தது. மூன்றாம் நாள் அக்கா, பெரிய மிஷினின் படத்தைக் கணினியில் அளவெடுத்து வரைந்து, சிவப்பில் வெட்டித் தரையில் ஒட்டினாள். குமிழி பார்த்தான். சக்கரம் இடது பக்கத்தில் இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் ஆள் இல்லாதபோது அவன் அந்த வெள்ளை வட்டத்துக்குப் பக்கத்தில் நின்று, இல்லாத சக்கரத்தை இடது கையால் திருப்பிப் பார்த்தான். தோதாக இருந்தது. இடது கைக்கு வாகாக யாராவது மிஷின் செய்வார்களா என்று ஒரு சந்தேகம் எட்டிப் பார்க்கத்தான் செய்தது. மிஷினின் படம் அக்காவின் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. ஒரு ஆணி அடிப்பதற்கு மூன்று முறை அளக்கிறவன், அந்த இழுப்பறையை மட்டும் திறக்கவில்லை. கேட்டது கிடைத்தால் யாரும் அதைச் சுரண்டிப் பார்ப்பதில்லை.

"சரி மாமா. பெருசே வாங்கிடுவோம்" என்றான் அன்று மாலை.

அக்கா கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள். "நேத்து வரைக்கும் ஒத்தக்கால்ல நின்னியே?"

"யோசிச்சுப் பாத்தேன்."

"நீ யோசிச்சேன்னு சொன்னாத்தான்டா எனக்கு பயமா இருக்கு."

சிவப்பு ஒட்டிய பதினோராம் நாள் மூவரும் மிஷின் விற்கிற கூடத்துக்குப் போனார்கள். சொந்தமாக இரண்டு பலகையும் வினைல் சுருளும் கொண்டுபோனார்கள். கடைக்காரன் பலகையில் எல்லாமே நன்றாகத்தான் ஒட்டும் என்பது மாமாவின் அனுபவம். கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாளர் அதைப் பற்றி வருத்தப்படாமல் வரவேற்றார். விளக்கு வெளிச்சத்தில் பெரிய மிஷின் அரை அறையை அடைத்துக்கொண்டு நின்றது. மாமா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பாதியில் நின்றார்.

"இது என்ன, சக்கரம் வலது பக்கம் இருக்கு?"

"எப்பவும் வலது பக்கம்தாங்க" என்றார் விற்பனையாளர்.

"நம்ம தரையில இடது பக்கம்ல இருந்தது?"

அக்கா கையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஐயோ. அதுக்கு முன்னால நான் வெட்டினது கண்ணாடிக் கதவு வேலை."

கண்ணாடிக் கதவுக்கு எழுத்தை உள்பக்கத்திலிருந்து ஒட்டுவார்கள். வெளியே நிற்கிறவருக்கு நேராகத் தெரியவேண்டும் என்றால் இடம் வலமாகத் திருப்பி வெட்டவேண்டும். அதற்காகத் திருப்பி வைத்ததை அவள் மறுபடி நேராக்கவில்லை. மிஷினும் திரும்பியே வெட்டுப்பட்டு வந்துவிட்டது.

"அப்போ பத்து நாளா நாம வளைஞ்சு வளைஞ்சு நடந்தது மிஷினோட பிம்பத்தைச் சுத்தியா?" மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். "நான் போட்ட மூணு டீயும் செல்லாது, சொல்லிட்டேன். சரி, விடு. வலதுன்னா இன்னும் நல்லதுதானே. மாப்ள, நீ ஓட்டிப் பாரு."

குமிழி மட்டும் சிரிக்கவில்லை. பலகையைக் கிடத்தி, வினைலை நேர் பார்த்து, முனையை உரித்தான். அதுவரை எல்லாம் இடது கை பார்த்துக்கொண்டது. பிறகு சட்டத்தின் மறுபக்கம் போய் நின்றுகொண்டு இடது கையால் சக்கரத்தைப் பிடித்தான்.

"அந்தப் பக்கம் நின்னா ரோலர் உங்க மேலயே வருங்க. இப்படி வாங்க" என்றார் விற்பனையாளர்.

வந்தான். வலது கையை வைத்தான். கால் சுற்று வந்தது. அரைச் சுற்றில் வலி முழங்கைவரை ஏறியது. பிடி நழுவியது. ரோலர் ஒரு பக்கம் அழுந்தி மறுபக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அப்படியே தள்ளினான், நிறுத்தினால் தெரிந்துவிடும் என்று. பலகையின் நடுவில் வினைல் யானைத்தோலாகச் சுருங்கிவிட்டது.

"முதல் தடவைதானே, பழகிடும்" என்றார் விற்பனையாளர், அன்பாக.

மாமா சுருக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பலகையைப் பார்க்கவில்லை. தம்பியின் சட்டைக்கையைப் பிடித்துப் பொத்தானைக் கழற்றி மேலே தள்ளினாள்.

"கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேணுமா? இதைப் பாருங்க முதல்ல."

மணிக்கட்டு இருக்கவேண்டிய இடத்தில் மணிக்கட்டு இல்லை. கையும் முன்கையும் ஒரே தடிமனாக இருந்தன.

"எத்தனை நாளாடா?"

"மூணு மாசம்."

"மூணு மாசமா யாரு ஒட்டினது அப்போ?" என்றார் மாமா.

குமிழி இடது கையைத் தூக்கிக் காட்டினான். வகுப்பில் கேள்வி கேட்பவன்போல இருந்தது அது.

மாமா மனதுக்குள் எதையோ ஓட்டிப் பார்த்தார். மருத்துவமனைப் பலகை, பள்ளிக்கூட வளைவு, பேருந்து நிறுத்தத்துக்குப் போன பதினாலு தகடு. ஒவ்வொன்றையும் அவர்தான் சாய்த்துப் பார்த்து, சரி என்று அனுப்பியவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"சரி. முதல்ல டாக்டர்ட்ட காட்டுவோம். அப்புறம் முன்ரூம்ல ஒரு நல்ல நாற்காலியாப் போட்டு..."

"வேண்டாம் மாமா."

பதினெட்டு வருஷத்தில் அவன் அவர் பேச்சைப் பாதியில் வெட்டியது அதுதான் முதல் முறை. மூலையில் நின்ற சின்ன மிஷினைப் பார்த்தான்.

"அதுல கால்தான் வேலை. என் ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்கு. தள்ளறதுக்கு இடது கை போதும்."

"நாலு மீட்டர் பலகை?"

"பாதி மேசைமேல இருக்கட்டும், மீதி வெளியில நீட்டிக்கட்டும். கீழ முட்டுக் கொடுத்துக்கறேன். வினைலை ரெண்டு துண்டா ஒட்டறேன். இன்னொரு பலகை இருக்குல்ல? பாத்துட்டுச் சொல்லுங்க."

அக்கா பலகையைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சின்ன மேசைமேல் வைத்தாள்.

குமிழி முதல் துண்டை வைத்து மிதியை அழுத்தினான். புஸ் என்ற சத்தத்தோடு ரோலர் இரு பக்கமும் ஒன்றாக இறங்கியது. இடது கையால் தள்ளினான். இரண்டாவது துண்டை முதல் துண்டின்மேல் ஒரு விரல் அகலம் ஏறும்படி ஒட்டினான். ஏறிய இடத்தில் இரும்பு அளவுகோலை வைத்து, முழங்கையால் அதை அமுக்கிக்கொண்டு, கத்தியை ஒரே இழுப்பாக இழுத்தான். ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிய இரண்டு வினைலும் அறுபடவேண்டும். கீழே பலகையில் கீறல் விழக்கூடாது. மேலே மிஞ்சிய நாடாவை எடுத்தான். ஓரத்தை லேசாகத் தூக்கி அடியில் மிஞ்சியதையும் உருவினான். மறுபடி ரோலர்.

மாமா பலகையை விளக்குக்கு நேராகப் பிடித்தார். சாய்த்தார். எட்டப் பிடித்தார். கிட்டப் பிடித்தார். பிறகு கட்டைவிரல் நகத்தை ஓர் ஓரத்திலிருந்து மெதுவாக ஓட்டினார். இரண்டு முறை நிற்காமல் போன நகம் மூன்றாம் முறை நின்றது.

"கோடு இருக்கு" என்றார்.

"ரோட்டுல போறவன் ஏணி போட்டு ஏறி நகத்தால தடவியா பாப்பான்?" என்றாள் அக்கா.

"வெயில்ல வினைல் சுருங்கும். அப்போ?"

பதில் குமிழியிடம் இருந்தது. மூன்று மாதம் மறைத்துப் பார்த்தாயிற்று.

"விலகும் மாமா. ரெண்டு வருஷத்துல ஒரு நூல் அளவு தெரியலாம். பெரிய மிஷின்ல அது வராது."

மாமா மனைவி பக்கம் திரும்பினார். "போன வருஷம் நாலு மீட்டர் பலகை எத்தனை பண்ணினோம்?"

"மூணு."

"மூணுதானா?"

"நீங்க பேசினது முப்பது. வந்தது மூணு."

விற்பனையாளர் தலையைக் குனிந்துகொண்டு தன் காகிதங்களை ஒழுங்குபடுத்தினார். மாமா பெரிய மிஷின் பக்கம் போய், அதன் கண்ணாடியை உள்ளங்கையால் ஒரு தரம் தடவினார். நீளமாக ஒரு மூச்சு விட்டார். சின்னதை வாங்கினால் எத்தனை நாளில் வரும் என்று கேட்டார். ஐந்து வாரம் என்றார் விற்பனையாளர்.

"மாப்ள, அந்த அஞ்சு வாரமும் நான் ஒட்டறேன். நீ வினைலைத் தொடக்கூடாது. முன்ரூம்ல உக்காரு."

"அஞ்சு வாரம்தானே?"

"நான் ஒட்டறதைப் பாத்தா ஊர்ல ஒருத்தரும் போன் பண்ண மாட்டாங்க. நீ நிம்மதியா உக்காந்திருக்கலாம். மிஷின் வந்த அன்னிக்கு உள்ள வா."

"அவர் ஒட்டற பலகையெல்லாம் என் கையெழுத்து இல்லாம வெளிய போகாது" என்றாள் அக்கா.

விற்பனையாளர் படிவத்தில் அளவை எழுதினார், மின்சாரத்தை எழுதினார், பட்டறைக் கதவின் அகலத்தைக் கேட்டு எழுதினார். கடைசிக் கட்டத்தில் பேனாவை நிறுத்தினார்.

"கால்மிதி எந்தக் காலுக்குங்க? வலமா, இடமா? இங்கயே பொருத்தி அனுப்பிடுவாங்க, அப்புறம் மாத்த முடியாது."

மாமா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். "அவனைக் கேளுங்க. ஓட்டப்போறது அவன்."

குமிழி தன் இரண்டு கால்களையும் குனிந்து பார்த்தான். உடனே சொல்லிவிடக்கூடிய கேள்விதான். ஆனால் தனக்கு எந்தக் கால் பழக்கம் என்று அவன் இதுவரை யோசித்ததே இல்லை.

"ஒரு நிமிஷம்" என்றான். சின்ன மேசைக்குத் திரும்பிப் போய், காட்சிக்காகப் பொருத்தாமல் விட்டிருந்த மிதியை வலது காலால் ஒரு முறை அழுத்தினான். பிறகு அதை அந்தப் பக்கம் நகர்த்திவைத்து இடது காலால் அழுத்தினான். மறுபடி வலது. விற்பனையாளர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். மாமா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.