விட்டுப்போன ஏழாம் பாட்டு

“தளை தட்டுகிறது” என்று சொல்லிச் சொல்லியே அடுத்தவர் பாட்டைக் கொன்று பேர் வாங்கியவர் அந்தப் பேராசிரியர். யாராவது தாலாட்டுப் பாடினால்கூட விரல்விட்டு அசை எண்ணுவார். மாணவர்கள் வைத்த ‘தளையார்’ என்ற பட்டப்பெயரைப் பெருமை என்றே நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

அவர் பதிப்பித்த பக்தி அந்தாதியில் ஒரு பாட்டின் கடைசிச் சொல்தான் அடுத்த பாட்டின் முதல் சொல். ஏட்டில் ஏழாம் பாட்டு இல்லை. சங்கிலி அறுந்து கிடந்தது. மனுஷர் சும்மா இருந்தாரா? தானே ஒன்றை எழுதிச் செருகி, வேறொரு பழைய படியில் கிடைத்தது என்று சொல்லி அச்சடித்துவிட்டார். அந்தப் பதிப்புதான் அவருக்கு மாலையும் மரியாதையும் வாங்கித் தந்தது. குட்டு வெளிப்பட்டால் ஆயுசு முழுக்கச் சம்பாதித்த பேர் போய்விடும்.

இன்று கருத்தரங்கில் அந்த அந்தாதியைப் பற்றிக் கட்டுரை படித்தவள் அவர் மருமகள். அவளும் தமிழ்ப் பேராசிரியைதான். முன்வரிசையில் மாமனார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“மத்த பாட்டுல எல்லாம் எதுகை அங்கங்க வழுக்குது. ‘எப்போ வருவே, எப்போ வருவே’ன்னு அடிக்கு அடி அதே கேள்வி. வேற சொல்லு கிடைக்காம இல்ல. சாமி பதில் சொல்ற வரைக்கும் வேற பேச்சுக்குப் போகப் பாடின புலவருக்கு மனசில்ல. ஏழாம் பாட்டுல மட்டும் யாப்பு சுத்தம், எதுகை சுத்தம், மோனை சுத்தம். ஆனா சாமிகிட்ட ஒண்ணுமே கேக்கல. பிற்காலத்துல யாரோ எழுதிச் செருகியிருக்காங்க. பாவம், பதிப்பாசிரியரும் அந்தப் படியை நம்பி ஏமாந்துட்டார்.”

தளையாருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பழி பேர் தெரியாத எவனோ ஒருவன் தலையில் விழுந்துவிட்டது. இனி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

மருமகள் தாளைத் திருப்பினாள். “எழுதினவருக்கு அசை எண்ணத் தெரியுது, அழத் தெரியல. மூணாவது அடி முழுக்க வெட்டி. இடத்தை அடைக்கப் போட்டது.”

அரங்கம் சிரித்தது. தளையாருக்குக் காது மடல் சிவந்தது. இத்தனை வருஷம் ஊரையே சிரிப்புக்கு ஆளாக்கியவருக்கு, தன்மேல் விழுந்த ஒரு சிரிப்பைத் தாங்க முடியவில்லை. எழுந்தே விட்டார்.

“உனக்கு என்னம்மா தெரியும்? மூணாவது அடியா வெட்டி? அந்த ஒரு அடி அமையறதுக்குள்ள எனக்கு உசுரு போய் உசுரு வந்துச்சு!”

சிரிப்பு நின்றது. அவர் நிற்கவில்லை. மோனைக்காகத் தான் எழுதி எழுதி அடித்த சொற்களை ஒவ்வொன்றாக விரல்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார்.

“மாமா, போதும், உக்காருங்க” என்று மருமகள் மைக்கிலேயே கெஞ்சினாள்.

அவர் உட்காரவில்லை. நாலாவது அடிக்குப் போய்விட்டார்.