முதலில் ப்ளக்கைப் பிடுங்கு

வீட்டின் பக்கச் சுவரோரம் மண்ணில் கிடந்த வண்டியின் நீல ப்ளக்கை எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, சுவர்ப் பெட்டியில் செருகினாள் அவள். முன்னறையில் அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு, இப்போது இரண்டரை. சாவு வீட்டில் ஒருத்தி டூல் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கும் வண்டிப் பக்கம் போவதைப் பார்த்த உறவுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர, என்ன ஏது என்று கேட்கவில்லை. கேட்டால் படக்கென்று பொரிந்து தள்ளுவாள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் குணத்துக்காகத்தான் அண்ணன் அவளுக்குச் சின்ன வயதிலேயே ஃபியூஸ் என்று பேர் வைத்தான். பிற்பாடு அவள் எலக்ட்ரீஷியன் ஆனதும் தெருவே அந்தப் பேரைச் சொந்தமாக்கிக்கொண்டது. ஐம்பதை நெருங்கியும் அது விட்டுப் போகவில்லை.

காலை ஆறரைக்கு அண்ணன் தன் சாப்பாட்டு வண்டிக்குள் விழுந்து இறந்துபோனான். ஃபிரிட்ஜ் கதவை ஒட்டி அவன் கை கிடந்ததாம். இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அறுபத்திரண்டு வயது, சர்க்கரை வேறு, ஒரு மாடி ஏறினாலே மூச்சு இரைக்கும். யாருக்கும் சந்தேகம் எழவில்லை. ஃபியூசுக்கு மட்டும் எழுந்தது. அந்த வண்டிக்குள் ஓடும் ஒவ்வொரு கம்பியையும் இழுத்தவள் அவள். கரண்ட் அடித்துச் செத்தாலும் நிற்பது இதயம்தான் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போதாக்குறைக்கு மூன்று வாரத்துக்கு முன்னால் அண்ணனிடமிருந்து ஒரு போன். "கூட்டம் சேர்ற நேரமாப் பாத்து ட்ரிப் விழுது ஃபியூசு. டீ கேட்டவன் எல்லாம் நின்னுக்கிட்டு இருக்கான். அதைத் தாண்டி நேரா ஒரு கம்பி போட்டுக்கட்டுமா?"

"கை வெச்சேன்னா கைய உடைப்பேன். ஞாயித்துக்கிழமை வரேன்."

அந்த ஞாயிறு வேறொரு வேலையில் போனது. அடுத்ததும் போனது. அதற்கு அடுத்ததில் அவள் மறந்தே போனாள். எங்கேயாவது கரண்ட் கசிந்து தகரத்திலோ ஆள் மேலோ பாய்ந்தால், அடுத்த நொடி பிறப்பதற்குள் மொத்தத்தையும் அணைத்துவிடும் சுவிட்ச் அந்த ட்ரிப். பொறுமை இழந்து அவன் அதைத் தாண்டிக் கம்பி போட்டிருந்தால்? அவனைத் தூக்கிக்கொண்டு போவதற்குள் அவளுக்கு இது தெரிந்தாக வேண்டும்.

வண்டிக்குள் காலை வியாபாரத்துக்கு எடுத்து வைத்தவை அப்படியே இருந்தன. முட்டைத் தட்டுகள், ரொட்டிப் பொட்டலங்கள், கழுவிக் கவிழ்த்த டம்ளர்கள். பாலும் வெங்காயமும் பாத்திரச் சோப்புமாகக் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியது. அழுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று தன்னையே அதட்டிக்கொண்டு, பெட்டியின் நாலு திருகாணிகளையும் கழற்றினாள்.

உள்ளே அவள் போட்டது போட்டபடி இருந்தது. எந்தக் கம்பியையும் யாரும் தொட்டிருக்கவில்லை. வெந்நீர் பாய்லர்தான் ப்ளக் பிடுங்கப்பட்டு, மூலையில் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் அண்ணனின் கோணல் எழுத்தில் ஒரு தாள்: ‘இதுதான் திருடன். தங்கச்சி வந்து பாக்கற வரைக்கும் யாரும் தொடக் கூடாது.’ பாய்லரை மீட்டரில் பிடித்துப் பார்த்தாள். உண்மைதான், அதன் சூடேற்றும் சுருளில்தான் கசிந்திருக்கிறது. ஒவ்வொன்றாக மாட்டியும் கழற்றியும் பார்த்துத் தானே கண்டுபிடித்திருக்கிறான். மூன்று வாரமாக அடுப்பில் சட்டி வைத்துத் தண்ணீர் காய்ச்சியிருக்கிறான். வேறு ஆளைக் கூப்பிட அவனுக்கு மனசு வரவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன், நாற்காலி மேஜை ஏற்றிக்கொண்டிருந்த இந்தப் பழைய தகர வண்டியை அண்ணன் வாங்கி வந்து இதே இடத்தில் நிறுத்தினான். பத்தொன்பது நாள் அண்ணனும் தங்கையும் அதற்குள்ளேயே குடியிருந்தார்கள். வீடு கட்டியதில் மிச்சமான ஒற்றைக் கம்பிச் சுருள் ஒன்று அவனிடம் இருந்தது. அதையே போடலாம் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

"வீடு நிக்குது, வண்டி ஓடுது. இந்தக் கம்பி குலுங்கிக் குலுங்கி ஒரு நாள் உள்ளுக்குள்ளேயே ஒடியும். பல இழை முறுக்கின இழைக் கம்பிதான் போடணும்," என்றாள் அவள்.

"எல்லாம் கம்பிதானே."

"அப்ப எல்லாம் டீதானே. வெறும் வெந்நீரைக் குடுக்க வேண்டியதுதானே நீ."

அன்றைக்கு முழுக்க இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் இழைக் கம்பியோடு வந்து நின்றான். தகரத்தில் கம்பி நுழையும் ஒவ்வொரு ஓட்டைக்கும், விளிம்பு அறுத்துவிடாதபடி அவள் ரப்பர் வளையம் போட்டபோது, "கம்பிக்கெல்லாம் மோதிரம் போடற ஒரே ஆளு நீதான்," என்று சிரித்தான். அந்தப் பத்தொன்பது நாளைப்போல் ஒரு காலம் அவளுக்கு அதற்கு முன்னும் வாய்க்கவில்லை, பின்னும் வாய்க்கவில்லை.

கடைசி நாள் ஒரு ஒத்திகை வைத்தாள். வண்டிக்குள் யாராவது விழுந்து கிடந்தால் என்ன செய்ய வேண்டும்? தொடக் கூடாது. முதலில் ஓடிப்போய்ச் சுவர் ப்ளக்கைப் பிடுங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆளைத் தொட வேண்டும். அண்ணன் நாக்கைத் துருத்திக்கொண்டு தரையில் செத்துக் கிடந்தான். ஓட வேண்டிய அண்ணிக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் கால் நகரவில்லை. அவன் ஒற்றைக் கண்ணைத் திறந்து, "சீக்கிரம் பிடுங்குடி, நான் செத்து அஞ்சு நிமிஷமாச்சு," என்றான். சரியாக வரும்வரை ஃபியூஸ் அவனை ஆறு தடவை சாகவைத்தாள்.

அதன் பிறகு மாதம் தவறாமல் ட்ரிப்பின் சோதனைப் பொத்தானை வாடிக்கையாளர்கள் முன்னாலேயே அழுத்திக் காட்டுவான். டப் என்று விழும். "என் தங்கச்சி போட்ட வயரிங். உங்க வீட்டுல இப்படி இருக்கா?" என்று கேட்பான். முட்டை சாப்பிட வந்தவர்கள் பாவம், தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

இப்போது அவள் ஒன்று விடாமல் சோதித்தாள். ஃபிரிட்ஜின் உடம்பு, தொட்டி, அலமாரி, வண்டியின் இரும்புச் சட்டம் எதிலும் கசிவு இல்லை. எர்த் இறுக்கமாக இருந்தது. ட்ரிப்பை மீட்டர் வைத்து விழவைத்தாள். புதிதாகப் போட்ட அன்று எவ்வளவு விரைவாக விழுந்ததோ அதே விரைவு. ஒவ்வொரு எண்ணையும் வழக்கம்போல் நோட்டில் குறித்தாள். அவள் கம்பி அவனைக் கொல்லவில்லை. நெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்த பாறை இறங்கியது. அதோடு கொஞ்சம் பெருமையும் வந்தது. வந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

"என்ன பாத்துக்கிட்டு இருக்கே?"

வண்டியின் படியருகில் அண்ணி நின்றிருந்தாள். காலையிலிருந்து சமையலறையைவிட்டு வெளியே வராதவள்.

"சும்மா அண்ணி. ஒரு தடவை பாத்துடலாம்னு."

"எனக்குத் தெரியும் எதுக்குன்னு." அண்ணி படியில் உட்கார்ந்தாள். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பேசினாள். "சத்தம் கேட்டு வந்தேன். கீழ கிடந்தாரு. கண்ணு தெறந்திருந்துச்சு. என்னைப் பாத்தாரு. கை கொஞ்சம் அசைஞ்சுது, வான்னு கூப்பிடற மாதிரி."

ஃபியூஸ் நோட்டோடு வண்டித் தரையில் உட்கார்ந்தாள்.

"நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு. தொடல. வீட்டைச் சுத்திப் போனேன். அந்த ப்ளக்கு இறுகிக்கிட்டு வரவே மாட்டேங்குது. ரெண்டு கையாலயும் ஆட்டி ஆட்டி இழுத்தேன். திரும்பி வந்து பாத்தா உயிர் இல்ல." அண்ணி தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டாள். "நான் பக்கத்துல வராம திரும்பி ஓடுனதை அவர் பாத்துட்டுத்தான் போனாரு. அதுலேருந்து அவரைத் தொடவே எனக்குக் கை வரல. கரண்ட் இருந்துச்சுன்னா நான் ஓடுனது சரி. இல்லைன்னா, கடைசியா அவர் கையைப் புடிச்சிருக்கலாம் இல்ல? நீதான் பாத்துட்டியே. இருந்துச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

ஒன்றும் இல்லை அண்ணி, வண்டி சுத்தமாக இருக்கிறது என்ற பதில் அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நோட்டு மடியில் திறந்து கிடந்தது. அதில் இருந்த எண்களை அண்ணிக்குப் படிக்கத் தெரியாது. ஃபியூஸ் அதை மெதுவாக மூடினாள்.

"இருந்துச்சு அண்ணி."

அண்ணி திரும்பிப் பார்த்தாள்.

"ஃபிரிட்ஜுல கசிவு. ட்ரிப் விழுந்திருக்கணும், விழல. நான் போட்டதுதான். அவரைத் தொட்டிருந்தீங்கன்னா நீங்களும் போயிருப்பீங்க. நீங்க செஞ்சதுதான் சரி."

"நெசமாத்தான் சொல்றியா?"

"தொழில் விஷயத்துல நான் எப்பவாவது பொய் சொல்லியிருக்கேனா?"

சொன்னதில்லை. இதுதான் முதல் தடவை. அண்ணி அவளையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். காலையிலிருந்து அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். ஃபியூஸ் படியில் இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுகை கொஞ்சம் அடங்கியதும் அண்ணி எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்மேல தப்பில்ல. பதினோரு வருஷம் ஆச்சு. எதுதான் கெட்டுப்போகாது? நீ இதை மனசுல வெச்சுக்காதே. அவருந்தான் உன்னை ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டாரு."

"சரி அண்ணி."

அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வீட்டுக்குள் போனாள்.

தெருவோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த டயர்க்கடைக்காரர் எழுந்து வந்தார். அண்ணனிடம் பதினோரு வருடமும் காலை டீ குடித்தவர். அழுகைச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். "என்னம்மா, வண்டியில ஏதாவது கோளாறா? உன் வயரிங்கைப் பத்திப் பேசாம உங்க அண்ணன் ஒரு டீ குடுத்ததில்லையே," என்றார்.

தெரு முழுக்க விஷயத்தைக் கொண்டுசேர்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அடுத்த வாரத்திலிருந்து அவளை எந்த வீட்டு வேலைக்குக் கூப்பிடுவார்கள், எந்த வீட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள் என்பது இப்போது அவள் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் இருந்தது. அதே வார்த்தை நாளையே அண்ணியின் காதுக்கும் திரும்பி வரும்.

"ஆமாண்ணே. கசிவு இருக்கு. என் வேலைதான் சரியில்ல," என்றாள்.

அவர் தரையைப் பார்த்துவிட்டு, மெல்ல நகர்ந்துபோனார்.

ஃபியூஸ் வண்டிக்குள் ஏறி, கழற்றிய மூடியைப் பெட்டியின்மேல் பொருத்தி, திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினாள். அங்கே நின்றால் ஜன்னல் வழியே முன்னறை தெரியும். அண்ணி நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். போர்வைக்குள்ளிருந்து அவன் கையை வெளியே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தாள்.