மூன்றாம் திடலில் குண்டு இன்னும் போய்க்கொண்டிருக்கிறது

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை மதியம் ஒன்றேகாலுக்கு லைல் கோவாரிக் சுட்ட ஆறு குண்டுகள், பத்து கஜம் தள்ளி நின்ற அட்டையைப் போய்ச் சேர நாற்பத்தொரு நிமிடம் எடுத்துக்கொண்டன. சத்தம் வழக்கம்போலத்தான் கேட்டது. வெடிச்சத்தத்தைக் கேட்டு நேரம் குறிக்கிற சின்னக் கருவி, முதல் வெடிக்கும் ஆறாவதற்கும் இடையே இரண்டு விநாடிக்குக் கொஞ்சம் கூட என்று காட்டியது. பித்தளைக் கூடுகள் வலப்பக்கம் தெறித்துச் சரளையில் விழுந்தன. குண்டுகள் மட்டும் குழல்வாயை விட்டு வெளியே வந்து, மார்பு உயரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக, நிமிடத்துக்கு ஒரு சாண் வீதம் நகர்ந்தன. குண்டு அடங்காமல் யாரும் சுடுகிற கோட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. போட்டியை நடத்திய கஸ் டால்கி, எழுபத்திரண்டு வயதுக்காரர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "திடல் இன்னும் காலி ஆகல, எல்லாரும் அப்படியே நில்லுங்க" என்றார். பதினோரு பேர் நின்றார்கள். சிறிது நேரம் கழித்து அவரே ஓர் அட்டைத் துண்டை நீளமான மண்வாரியின் நுனியில் செருகிப் பக்கவாட்டிலிருந்து நீட்டிச் சோதித்தார். குண்டு அதைச் சுத்தமாகத் துளைத்துக்கொண்டு, அதே நிதானத்தில் போனது. பலம் அப்படியே இருந்தது; அவசரம்தான் இல்லை. லைல் துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டு, நாற்பத்தொரு நிமிடமும் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நெப்ராஸ்காவில் டோரன்ஸ் ஊருக்கு வெளியே, சரளை தோண்டிவிட்டுப் போன பள்ளத்தில், மண்கரை எழுப்பி ஏழு திடலாகப் பிரித்து அந்தத் துப்பாக்கிச் சங்கம் நடந்துவந்தது. லைலுக்கு அறுபத்தொரு வயது. வயல்களில் வட்டமடித்துத் தண்ணீர் தெளிக்கிற பெரிய இயந்திரங்களின் பற்சக்கரங்களைச் சரிசெய்வது பிழைப்பு. மற்ற நேரமெல்லாம் துப்பாக்கிதான். துப்பாக்கிக்குள் சுத்தியைப் பிடித்து நிறுத்துகிற இரும்புப் பல்லை அவன் தீட்டுக்கல்லில் நாலு இழுப்பு இழுத்து, பூதக்கண்ணாடியில் பார்த்து, இன்னும் ஒரே ஒரு இழுப்பு இழுத்துக் கொடுத்தால், விசை எப்போது விட்டது என்று சுட்டவனுக்கே தெரியாது. தோட்டாவும் அவனே செய்வான். கூட்டைக் கழுவி, வெடிமருந்தை எடைபோட்டு, குண்டைப் பொருத்தி, ஒவ்வொருவர் கைக்கும் ஒவ்வொரு விதமாக. அவன் பட்டறையில் வாங்கிய தோட்டா வெடிக்காமல் போனதாக அந்த மாவட்டத்தில் யாரும் சொன்னதில்லை. மார்லிஸ் ட்வெட்டின் தோட்டாவும் அங்கேதான் உருவானது. அவள் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள், லைலைவிடப் பத்து வயது இளையவள். பதினான்கு வருடம் இருவரும் ஒரே வண்டியில் போட்டிக்குப் போய்வந்தார்கள். வழியெல்லாம் சண்டை போடுவார்கள், வறுத்த சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு.

இந்த விளையாட்டில் குண்டின் எடையை வேகத்தால் பெருக்கினால் ஓர் எண் வரும். எண் ஒரு கோட்டைத் தாண்டினால் பெரிய வகை, தாண்டாவிட்டால் சின்ன வகை. சின்ன வகையில் துப்பாக்கி கையில் துள்ளாது, வேகமாகச் சுடலாம்; ஆனால் 'ஏ' என்கிற நடு வட்டத்தில் படாமல் ஓரத்தில் பட்ட குண்டுக்கு மதிப்பெண் குறைவு. அதனால் போட்டியன்று எல்லோருடைய பையிலிருந்தும் எட்டுத் தோட்டாவை எடுத்து வேகமானியில் சுட்டுப் பார்ப்பார்கள். முந்தைய வருடம் ஆகஸ்டில் மார்லிஸ் மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். தோட்டாவைக் கொஞ்சம் மெதுவாகப் போட முடியாதா என்று கேட்டாள். கோடு இருக்கிறதே என்றான் லைல். அவளும் சரி என்று போய்விட்டாள். அவனுக்கும் அப்போது பெருவிரல் மூட்டில் வலி. அவள் போன அதே வாரம் பயிற்சிக்கென்று மென்மையான தோட்டாவாக ஒரு பெட்டி தனக்காகச் செய்தான். சுட்டுப் பார்த்தபோது துப்பாக்கி கையிலேயே படுத்திருந்தது. இருபது வருடம் குறைந்த மாதிரி இருந்தது. செப்டம்பரில் மாநிலப் போட்டிக்குப் புறப்படும்போது அந்தப் பெட்டியும் பையில் இருந்தது. சின்ன வகை என்று படிவத்தில் எழுதியிருந்தால் ஒரு தவறும் இல்லை. பெரிய வகை என்று எழுதினான்.

அன்று தோட்டா சேகரிக்க வந்தவர் கஸ். மற்றவர்கள் பையில் தானே கைவிட்டு எடுத்தவர், லைலிடம் வந்ததும் நின்று, "நீயே எட்டு எடுத்துக் குடுப்பா" என்றார். லைல் இன்னொரு பெட்டியிலிருந்து எட்டு எடுத்துக் கொடுத்தான். வேகமானி கோட்டுக்கு மேலே காட்டியது. போட்டியில் அவன் சுட்டது மென்மையான பெட்டியை. மாலையில் லைல் முதலிடம், மார்லிஸ் இரண்டாமிடம். இடையில் ஆறு புள்ளி. மாநிலத்தில் அவன் முதலாவதாக வந்தது அதுவே முதல் தடவை. மார்லிஸ்தான் முதலில் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பட்டை கட்டிய கை அவன் முதுகில் பட்டது அவனுக்குத் தெரிந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் தேவாலயத்தின் சூப் விருந்திலும் பேருந்துக் கொட்டகையிலும் ஒரே பேச்சுப் பேசினாள்: என் தோட்டாவைச் செய்த கையிடம்தான் தோற்றேன், அதில் ஓர் அவமானமும் இல்லை. அவள் சொல்லும்போதெல்லாம் லைல் காப்பிக் கோப்பைக்குள் பார்ப்பான். அடக்கமான மனிதன் என்று ஊரில் பெயர் வந்தது. நவம்பரில் அவளுக்கு மணிக்கட்டில் அறுவை நடந்தது. லைல் மருத்துவமனைக்கு ஒரு பை ஆரஞ்சு கொண்டுபோய் வாசலில் இருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினான்.

மே மாதத்துக்குப் பிறகு லைல் குழலை மாற்றினான், சுருள்வில்லை மாற்றினான், மருந்தை மாற்றினான். ஜூனில் குண்டு மூன்று மணி நேரம் எடுத்தது. கை தேறித் திரும்பி வந்திருந்த மார்லிஸ் தன் துப்பாக்கியைத் தன் தோட்டாவோடு அவனிடம் கொடுத்துச் சுடச் சொன்னாள். அந்தக் குண்டும் ஊர்ந்தது. அவனுடைய துப்பாக்கியை அவள் வாங்கிச் சுட்டாள். கண்மூடித் திறப்பதற்குள் அட்டையில் ஓட்டை. கோளாறு எங்கே என்று அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் லைலுக்குத் தாங்கவில்லை. ஆனாலும் சனிக்கிழமை வராமல் இருக்கவும் அவனால் முடியவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்டுவிடுவார்களே. ஆகஸ்டில் அவன் ஒரே ஒரு குண்டு சுட்டான். சனி மதியம் புறப்பட்ட குண்டு ஞாயிறு மதியம்வரை பாதித் தூரம்கூடப் போகவில்லை. கஸ் மூன்றாம் திடலைக் கயிறு கட்டி மூடினார். தகைவிலான் குருவி ஒன்று வந்து அதன்மேல் உட்காரப் பார்த்து, சூடு பட்டுப் பறந்துபோனது.

ஞாயிறு தேவாலயம் முடிந்ததும் மார்லிஸ் இரண்டு மடக்கு நாற்காலிகளோடு வந்தாள். லைல் அங்கேதான் இருந்தான். குண்டுக்குப் பக்கவாட்டில் நாற்காலிகளைப் போட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். வெகுநேரம் சோள விளைச்சலைப் பற்றிப் பேசினாள். பிறகு நிறுத்தினாள்.

"கோளாறு துப்பாக்கில இல்ல," என்றாள்.

"இல்ல."

"மருந்துலயும் இல்ல."

"இல்ல."

"அப்ப சொல்லித் தொலையேன்யா. மூணு மாசமா உன் மூஞ்சியப் பாக்க முடியல."

லைல் சொன்னான். பெட்டியைச் சொன்னான், படிவத்தைச் சொன்னான், கஸ் நீட்டிய கையைச் சொன்னான். சொல்லும்போது குண்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்லிஸ் உடனே கோபப்படவில்லை. தொழில் தெரிந்தவள் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டாள். "என்னோட தோட்டா எப்படிப் போட்டிருந்தே?"

"கோட்டுக்கு மேல. எப்பவும் போடறதவிட இன்னும் கொஞ்சம் மேலயே."

"ஏன்?"

"வேகமானில உனக்கு எந்தச் சிக்கலும் வந்துடக் கூடாதுன்னு."

அவள் தன் மணிக்கட்டைத் திருப்பி, தையல் போட்ட இடத்தைப் பார்த்தாள். "அந்த மாசம் பூரா இடது கையாலயே பஸ் ஓட்டினேன், லைல். நாப்பது பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு."

"தெரியும்."

"ஊரெல்லாம் உன்னப் பத்திப் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டு இருந்தியே."

அவள் எழுந்து தன் நாற்காலியை மட்டும் மடக்கி எடுத்துக்கொண்டு போனாள். வண்டி சாலையில் ஏறுகிற சத்தம் கேட்டது. அவன் இருட்டுகிறவரை உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

செவ்வாயன்று சங்கக் கூட்டத்தில் லைல் எழுந்து நின்று எல்லோர் முன்னிலும் சொன்னான். உட்காரச் சொன்னார்கள், முடிக்கும்வரை உட்காரவில்லை. பரிசுப் பலகையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். கஸ் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே, "நான்தானே எடுத்திருக்கணும். உன் பைக்குள்ள கைவிட எனக்குக் கூச்சமா இருந்துச்சு" என்றார். அவர் முகமும் சிவந்திருந்தது. அடுத்த போட்டியிலிருந்து பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். முதலிடம் மார்லிஸுக்கு மாற்றப்பட்டு, மாநிலச் சங்கத்திலிருந்து புதுப் பலகை தபாலில் வந்தது. அவள் உறையைப் பிரித்தாளா என்று யாருக்கும் தெரியாது.

உண்மையைச் சொல்லிவிட்டால் குண்டு ஓடத் தொடங்கும் என்று ஊரில் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். லைலும் உள்ளூர அப்படித்தான் நினைத்திருந்தான். அப்படிக் கணக்குப் போட்டுத்தான் சொன்னேனோ என்று பிறகு அதற்கும் கூசினான். செப்டம்பரில் சுட்ட குண்டு முன்னைவிட மெதுவாகப் போனது. டிசம்பரில் அதன் முதுகில் விரற்கடை உயரத்துக்குப் பனி படிந்திருந்தது. ஜனவரியில் பனி வார வந்த மாவட்ட வண்டிக்காரர் அதைச் சுற்றி ஓட்டினார். மார்ச்சில் அது அட்டையில் பட்டது.

மார்லிஸ் அவனுடைய பட்டறைக்கு மறுபடி வரவில்லை. சொந்தமாக ஓர் அழுத்துக் கருவி வாங்கி, சமையலறை மேசையில் பொருத்தி, புத்தகத்தைப் பார்த்துத் தோட்டா செய்யக் கற்றுக்கொண்டாள். முதலில் செய்ததில் பாதி சரியில்லை. அவளுடைய பேருந்தைத் தூரத்தில் கண்டாலே லைல் வண்டியை வேறு தெருவில் திருப்பிவிடுவான். ஏப்ரலில் போட்டிகள் தொடங்கியதும் ஒரு சிக்கல் வந்தது: லைல் சுட்டால் வேகமானியில் எண் வரவில்லை. வேகமானியில் எண்ணே வராத தோட்டாவுக்கு என்ன செய்வது என்று விதியில் இருந்தது: சுடலாம், மதிப்பெண் கிடையாது. ஆனால் யார் சுட்டாலும் ஓட்டையை மற்றொருவர் பார்த்துச் சொல்லி, ஒட்டுக்காகிதம் ஒட்டியாக வேண்டும். அந்த வேலையை முறைவைத்துச் செய்வதென்று முடிவானது. முதல் முறை மார்லிஸுடையது. அவள் தன் முறையைச் செய்தாள். அடுத்தவர் முறை வந்தபோது, நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, லைலும் கேட்கவில்லை. அந்த வருடமும் அதற்கடுத்த வருடங்களிலும் அவர்கள் அதிகம் பேசிக்கொண்டதாக யாரும் பார்க்கவில்லை.

லைல் இப்போதும் வருகிறான். வருடத்துக்கு ஒரு குண்டுதான் சுட முடிகிறது. அது போய்ச் சேருகிற நாள் எதுவென்று சங்கத்துப் பலகையில், மழை வாய்ப்புக்கும் திடல் சுத்தம் செய்யும் தேதிக்கும் நடுவில், சாக்கட்டியால் எழுதிவைக்கிறார்கள். அன்று மார்லிஸ் பேருந்தை நிறுத்திவிட்டு நேரே வந்து, அட்டைக்குப் பக்கத்தில், ஓர் எட்டுத் தள்ளி, பழுப்பு ஒட்டுக்காகிதத்தை விரல்நுனியில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். லைல் கோட்டிலேயே நிற்கிறான். குண்டு அட்டைக்குள் நுழைந்து பின்னால் மண்கரையில் புதைகிறது. அவள் குனிந்து ஓட்டையைப் பார்க்கிறாள். நடு வட்டம். "ஏ" என்று அவனுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, காகிதத்தை ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்துகிறாள். யாரும் அதை எழுதிக்கொள்வதில்லை.