மண் மூடிய அடுப்பு

சமையல் முடிந்ததும் அடுப்பில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். சாம்பலைக் கிளறி மறுபடியும் ஊற்ற வேண்டும். சர்வேயர் சிவசங்கரனின் முகாமில் இந்த விதிக்கு விலக்கு கிடையாது. ஊற்றியதும் அவரே வந்து புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். சென்னை ராஜ்யத்துக்கும் ஆந்திரத்துக்கும் நடுவே எல்லைக் கல் நடும் வேலை அப்போது சத்தியவேட்டை ஒட்டிய மலைச்சரிவில் நடந்துகொண்டிருந்தது. பங்குனி மாதம். இடுப்பளவுப் புல் காய்ந்து நின்றது.

முகாமில் சமைத்தவள் சென்னம்மா. வெதுருகுப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்த அவள் மகளுக்கு அது ஒன்பதாம் மாதம்; வலி எடுத்தால் கூட இருக்க வேறு ஆள் இல்லை. அவள் ஊர் வழக்கத்தில், எரிந்த அடுப்பில் தண்ணீர் ஊற்றுவது வீட்டில் பிணம் கிடக்கும் நாளில் மட்டும். ஆகவே மூன்று வாரமாக அவள் கனலும் கங்குகளை மண்ணால் மூடி, மண்ணின் மேல் மட்டும் தண்ணீர் தெளித்துவந்தாள். முந்தைய ஓடைக்கரை முகாம்களில் மணலுக்கடியில் தீ அடங்கிவிட்டது. சிவசங்கரனின் கைக்கும் எதுவும் தெரியவில்லை.

இந்த முறை அடுப்பு ஒரு கிழப் புளியமரத்தடியில் அமைந்தது. மண் என்று அவள் அள்ளிப் போட்டதில் பாதி மக்கிய சருகு.

"தண்ணி ஊத்தியாச்சா?" என்று காலையில் சிவசங்கரன் கேட்டார்.

"ஊத்திட்டேங்க சார்."

ஆந்திரத் தரப்பு அதிகாரி கல் நடும் இடத்தில் காத்திருந்தார். அன்று மட்டும் சிவசங்கரன் கை வைத்துப் பார்க்காமல் புறப்பட்டார்.

பிற்பகலில், அடுப்புக்கு இருபதடி தள்ளிப் புல் பற்றியது. பச்சைக் கிளைகளை ஒடித்து எல்லாரும் அடித்தார்கள். உயிருக்குச் சேதமில்லை. அடிவாரத்துக் குடிசைகள் அந்த வருஷம் கூரை வேய நம்பியிருந்த புல் மட்டும் ஒரு பிடி மிஞ்சவில்லை.

புகையைப் பார்த்து வந்த காட்டிலாகா கார்டு ரங்கையா, கருகிய புல்லின் ஓரத்தில் ஒரு பீடித்துண்டைக் கண்டெடுத்தார். முகாமில் பீடி குடிப்பவன் ஒருவன்தான்: அளவுச் சங்கிலி இழுக்கும் துலுக்காணம். சென்னம்மாவின் ஊர்க்காரன், அவளை அக்கா என்று அழைப்பவன்.

"ஏமிரா, இது யாருது?"

"என்துதான் சாமி. நேத்து குடிச்சது. கால்ல மெரிச்சி அணைச்சிட்டுதான் போட்டேன்."

"நேத்து குடிச்ச பீடி இன்னிக்கு எரியுதா? உன் பீடி இன்னா, கார்த்திகை தீபமா?"

கார்டு விட்ட முதல் அறையில் துலுக்காணத்தின் தலைத்துண்டு கீழே விழுந்தது. சென்னம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தீ எங்கிருந்து வந்தது என்பது அவளுக்குத் தெரியும். சொன்னால் கார்டு தன்னை இழுத்துப் போவார். எத்தனை நாளைக்கு என்று யாருக்குத் தெரியும்? வெதுருகுப்பத்தில் மகள் தனியாகப் படுத்திருப்பாள். இரண்டாவது அறையும் விழுந்தது. அவள் கழுநீரை வடித்துவிட்டு மறுபடியும் தண்ணீர் மொண்டாள். மூன்றாவது அறைக்குப் பின் கார்டு அவன் கைகளைக் கயிற்றால் கட்டி முன்னே தள்ளினார். அவர்கள் பத்தடி போயிருப்பார்கள்.

"அவன வுட்டுடு சாமி. நான் மூட்டின அடுப்புதான்."

கார்டு திரும்பிச் சிரித்தார். "ஊர்க்காரன் மேல ரொம்பப் பிரியமா?"

அவள் கல் நடும் கடப்பாரையை எடுத்து, அடுப்பிலிருந்து புல்வெளியை நோக்கி ஐந்தடி தள்ளிக் குத்தினாள். மேல்மண் பெயர்ந்தது. உள்ளே பட்டுப்போன வேர் ஒன்று நீளவாக்கில் கனன்றுகொண்டிருந்தது. காற்றுப் பட்டதும் சிவந்தது.

"தண்ணி ஊத்தல. மண்ணுதான் போட்டேன். தெனமும் அப்பிடித்தான்."

கார்டு சிரிப்பதை நிறுத்தினார். சிவசங்கரன் குனிந்து, வேருக்கு மேலே புறங்கையைப் பிடித்துச் சூடு பார்த்தார்.

"இன்னைக்குக் காலையில நான் கை வைச்சுப் பார்க்கலை. அதையும் எழுதிக்கோங்க," என்றார்.

கார்டு அதை எழுதவில்லை. சென்னம்மாவின் பெயரையும் புருஷன் பெயரையும் மட்டும் எழுதிக்கொண்டு, மறுநாள் காலை சத்தியவேட்டு ஆபீசுக்கு வரவேண்டும் என்று சொல்லிக் கயிற்றை அவிழ்த்தார்.

"சாமி, பொண்ணுக்கு இது மாசம்..."

"அதெல்லாம் அங்க வந்து சொல்லு."

துலுக்காணம் துண்டை எடுத்து உதறினான். கன்னத்தில் விரல்கள் பதிந்திருந்தன. அவள் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள், அவன் வாங்கவில்லை.

"மொத அடி வுழுறப்ப உனுக்குத் தெரியுமா, அக்கா?"

"தெரியும்."

"இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"அரிசி களைஞ்சிக்கினு இருந்தேன்."

அவன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு, புகை கிளம்பிய அடுத்த இடத்தைத் தோண்டப் போனான். அன்று முகாமில் வடித்த சோற்றில் அவன் பங்கு அப்படியே இருந்தது.